கொங்கிலிருந்து தஞ்சைக்கு: புதுமணத் தம்பதியரின் முதல் மூன்று நாள் பயணத்தைத் திட்டமிடும் முறை

கொங்கு நாட்டில் திருமணம் முடிந்த முதல் ஓராண்டில் தம்பதியர் போய்வரும் ஊர்களில் பெரும்பாலானவை அவர்களாகத் தேர்ந்தெடுத்தவை அல்ல. மறுவீடு, மாமன்மார் வீட்டு விருந்து, குலதெய்வக் கோயில் பொங்கல், ஆடி நோம்பி, தலைத் தீபாவளி என்று கிடைக்கும் விடுமுறைகள் எல்லாம் உறவுமுறைக்கே போய்ச் சேர்ந்துவிடும். இவற்றுக்கு நடுவே சனி, ஞாயிறு, திங்கள் எனச் சேர்ந்தாற்போல் மூன்று நாட்கள் இருவருக்கும் ஒன்றாக வாய்க்கும்போது, வழக்கம்போல ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ மலைப்பாதை நெரிசலில் போய் நிற்பதைவிடத் தஞ்சாவூருக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் வண்டி மாறாமல் ரயிலில் போய்விடலாம். பார்க்க வேண்டிய முக்கியமான இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கின்றன. நம் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் அங்கே உறவினர் வீடு கிடையாது என்பதையும் ஒரு நன்மையாகவே கணக்கில் கொள்ளலாம்.

ஆனால் தஞ்சைப் பயணம் கெட்டுப்போவதற்கும் ஒரு வழி உண்டு, அது புறப்படும் முன்பே வீட்டுக் கூடத்தில் தொடங்கிவிடுகிறது. "அத்தனை தூரம் போறீங்க, அப்படியே ஒரு எட்டுத் திருநாகேசுவரமும் போயிட்டு வந்துருங்க கண்ணு" என்று ஒருவர் சொல்வார். ஆலங்குடியில் குருவைப் பார்க்கச் சொல்வார் இன்னொருவர். புதுமணத் தம்பதியர் என்பதால் திருக்கருகாவூர்க் கருக்காத்தநாயகியை விட்டுவிட்டு வரக்கூடாது என்று மூன்றாமவர் கூறுவார். ஒவ்வொன்றும் அன்பினால் சொல்லப்படுவதுதான். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டால் மூன்று நாளும் வாடகைக் காரின் பின் இருக்கையிலேயே கழிந்துவிடும். "அதுக்குன்னு தனியா ஒருக்கா உங்களையுங் கூட்டீட்டுப் போறோமுங்க அத்தை" என்று சொல்வதே இதற்கு ஏற்ற மறுமொழி, சொன்னபடி பிறகு அழைத்துச் செல்லவும் வேண்டும். இந்த முறைக்குப் பெரிய கோயில் இரண்டு தடவை, அரண்மனையின் சிலைக்கூடம் ஒரு முற்பகல், திருவையாற்றுக் காவிரிக்கரை ஒரு மாலை, திரும்பும் நாளில் தாராசுரம் ஆகியவையே போதும்.

எந்த விடுமுறையைத் தேர்ந்தெடுப்பது

நாட்காட்டியில் சிவப்பாகத் தெரியும் எல்லா நீண்ட விடுமுறைகளும் தஞ்சைக்கு உகந்தவை அல்ல. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் கடுமையாக இருக்கும். செருப்பில்லாமல் கருங்கல் தளத்தில் நடக்க வேண்டிய ஊரில் இது சிறிய செய்தி அன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும். ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய விடுமுறையில் காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி என்றாலும், அந்த நாள் ஆடியின் கடைசி நாட்களில் விழுவதால், முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள குடும்பங்களில் அதற்கு இசைவு கிடைக்காது. அந்த வழக்கத்தோடு வாதாடுவதற்கு இந்தப் பயணம் தகுந்த காரணம் அல்ல.

எல்லாவற்றையும் சீர்தூக்கினால் ஜனவரி 26 சனியையோ ஞாயிற்றையோ ஒட்டி வரும் ஆண்டில் அமையும் விடுமுறையே முதலிடம் பெறுகிறது. பொங்கல் முடிந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு என்பதால் ஆற்றிலும் வாய்க்காலிலும் பொதுவாகத் தண்ணீர் இருக்கும். பிப்ரவரி பிறந்துவிட்டால் திருவையாற்றில் பெரும்பாலும் மணலைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஜனவரி 26-ஐ ஒட்டிய சமயத்தில் இரண்டு நாட்களை மட்டும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். தைப்பூசம் அதை ஒட்டி வந்தால் பழனிக்குப் பாதயாத்திரை போவோரின் கூட்டம் காங்கேயம், தாராபுரம் பகுதிச் சாலைகளில் நிறைந்திருக்கும் என்பதால் கார்ப் பயணம் மெதுவாகும். தியாகராசர் ஆராதனை நடக்கும் நாட்களாக இருந்தால் திருவையாற்றில் கால் வைக்க இடமிருக்காது; கர்நாடக இசையில் இருவருக்கும் ஈடுபாடு இருந்தால் அதையே பயணத்தின் காரணமாக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

பிரதோஷத்தையும் பார்த்துக்கொள்வது அவசியம். பெரிய கோயில் நந்திக்குப் பிரதோஷ மாலையில் நடக்கும் அபிஷேகத்தைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அது சனிப் பிரதோஷமாகவும் அமைந்துவிட்டால் கோயிலை அமைதியாகச் சுற்றிப் பார்ப்பது இயலாது. அப்படி அமைந்தால் அந்த மாலையைத் திருவையாற்றுக்கு மாற்றிவிட்டு, கோயிலுக்கு மறுநாள் விடியற்காலையில் போகலாம்.

தேசிய விடுமுறையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். விடுமுறையை உண்டாக்குகிற நாளே சிலைக்கூடத்தை மூடிவிடுகிறது என்பதால், அரண்மனைக்குப் போவதை விடுமுறையின் மற்ற நாட்களில் ஒன்றில் வைத்துக்கொள்ள வேண்டும். கோயில்களுக்கு இந்தத் தடை கிடையாது.

ரயிலா, காரா

கோவையிலிருந்து காலை ஏழு மணியளவில் புறப்பட்டுத் திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாக மயிலாடுதுறைக்குப் போகும் ஜன் சதாப்தி நண்பகலை ஒட்டித் தஞ்சாவூரில் இறக்கிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் அது ஓடாது. பகல் பயணம் என்பதால் கரூரைத் தாண்டியதும் நிலம் மாறுவதைச் சன்னலோரம் அமர்ந்து பார்க்கலாம். சென்னிமலையும் சங்ககிரியும் போல எங்கு திரும்பினாலும் ஒரு கரடோ குன்றோ தென்படும் நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, திருச்சிக்குக் கிழக்கே தொடுவானம் வரை ஒரு மேடுகூட இல்லாமல் வயல் விரிவதே முதல் காட்சிப்பொருள். கல்லே இல்லாத அந்த வண்டல் மண்ணில் முழுக்கக் கருங்கல்லால் ஒரு கோயிலை எழுப்பினார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்கினால், மாலையில் பார்க்கப்போகும் விமானத்தின் பொருள் இன்னும் கொஞ்சம் விளங்கும்.

திருப்பூரில் சனிக்கிழமையும் வேலை வைக்கும் நிறுவனங்கள் ஏராளம். அப்படிப்பட்டவர்களுக்குக் கோவையிலிருந்து மன்னார்குடிக்குப் போகும் செம்மொழி விரைவு வண்டி பொருந்தும். இரவில் ஏறி விடியற்காலையில் தஞ்சையில் இறங்கிவிடலாம். அந்த வண்டி கோவையை விட்டுக் கிளம்புவது நள்ளிரவுக்குப் பிறகு என்பதால், சனிக்கிழமை இரவு வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்குச் சீட்டெடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு நாள் முந்தைய சீட்டை வைத்துக்கொண்டு நடைமேடையில் நிற்பவர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் இருக்கிறார்கள். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. நீண்ட விடுமுறைக்கு அந்த அறுபதாவது நாள் காலையிலேயே போகவும் வரவும் சீட்டு எடுத்துவிடுவது நல்லது. கால அட்டவணை அவ்வப்போது மாறுவதால் நேரங்களைச் சீட்டெடுக்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு அதை எடுத்துக்கொண்டு போகும் ஆசை இருக்கும். பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில், கரூர், குளித்தலை, திருச்சி என்று கோவையிலிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர். வழியில் நிற்பதையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் ஆகும். ஓட்டுகிறவர் சாலையையும் பக்கத்தில் இருப்பவர் வரைபடத்தையும் பார்த்துக்கொண்டே போகும் பயணமாக அது ஆகிவிடுகிறது. தஞ்சைக்குள் கார் பெரும்பாலும் நிறுத்துமிடத்தில்தான் கிடக்கப்போகிறது. ரயிலில் போய் அங்கே ஆட்டோவும் அரைநாள் வாடகைக் காரும் வைத்துக்கொள்வதே முதல் பயணத்துக்கு ஏற்றது என்று சொல்வேன்.

தங்குமிடம்

பெரிய கோயிலுக்கு நடந்து போகும் தொலைவில் அறை எடுக்க வேண்டும். மற்ற வசதிகளெல்லாம் இதற்குப் பின்தான். ஒரே கோயிலுக்கு இரண்டு முறை போவதும், நடுப்பகலில் அறைக்குத் திரும்பி இளைப்பாறுவதும் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்பதால், புறநகரில் நீச்சல் குளத்தோடு இருக்கும் விடுதியைவிடப் பழைய பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும் எளிய, சுத்தமான விடுதி மேலானது. புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. "பேருந்து நிலையம் அருகில்" என்று விளம்பரத்தில் இருந்தால் எந்த நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில் சிலவற்றைக் கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். அறைக்கணக்கு உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா, பகல் 12 மணிக்கு 12 மணியா என்பது விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு முக்கியம். அதே கட்டடத்தில் திருமண மண்டபம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் இரவு முழுவதும் நாற்காலி இழுக்கும் சத்தமும் விடியற்காலை நாலு மணிக்கு நாதசுவரமும் கேட்கும், அது அண்மையில் உங்கள் திருமணத்தில் நீங்கள் கேட்டு முடித்ததுதான். இருவரும் தனித்தனியே ஆதார் அட்டையைக் கொண்டுபோக வேண்டும். பெண்ணின் அட்டையில் தந்தை பெயரும் பிறந்தவீட்டு முகவரியும் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தம்பதியராகத் தங்குவதற்குத் திருமணச் சான்றிதழைச் சட்டம் கேட்பதில்லை. இருந்தாலும் கைப்பேசியில் ஒரு திருமணப் படம் இருந்தால் வரவேற்பு மேசையில் தேவையற்ற பேச்சு குறையும். கல்யாண நகைகளைப் பொறுத்தவரை, தாலிக்கொடியைத் தவிர மற்றவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது இரவு ரயிலில் தூக்கத்துக்கு நல்லது.

முதல் நாள்: பெரிய கோயிலுக்கு மாலையில் போக வேண்டும்

நண்பகலில் வந்து இறங்கியதும் கோயிலுக்கு ஓட வேண்டாம். சன்னதி நடுப்பகலில் சாத்தியிருக்கும், முற்றத்துக் கல்தளம் உள்ளங்காலைச் சுட்டுவிடும். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, நாலரை மணிக்கு மேல் உள்ளே நுழைந்தால் விமானத்தின் மேற்குப் பக்கத்தில் வெயில் சாய்ந்து விழும் நேரமாக இருக்கும். அங்கிருந்து விளக்குப் போடும் நேரம் வரை இருக்கலாம். மூன்று மணி நேரம் ஒதுக்கினாலும் மிகை ஆகாது.

முதலாம் இராசராசன் எழுப்பிய இக்கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவுற்றது. விமானம் பதின்மூன்று நிலைகளோடு ஏறத்தாழ 200 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. 1987-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதனோடு சேர்க்கப்பட்டன. இந்த அளவு தெரிந்திருந்தால் போதும். வாசலில் வந்து சேர்ந்துகொள்ளும் வழிகாட்டிகள் சிலர், நிழல் தரையில் விழாது என்ற கதையோடு தொடங்குவார்கள்; மாலையில் போனால் நிழல் முற்றத்தில் நீளமாக விழுந்து கிடப்பதை நீங்களே பார்த்துவிட்டு, அதற்குள் இருக்கும் உண்மையான வியப்புகளுக்குத் திரும்பலாம். வழிகாட்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மராட்டியர் கால நுழைவாயிலைத் தாண்டியதும் கேரளாந்தகன் வாசல், அதற்கடுத்து இராசராசன் வாசல் என்று இரண்டு சோழர் காலக் கோபுரங்கள் வரிசையாக வரும். பெரும்பாலோர் விமானத்தைப் பார்க்கும் அவசரத்தில் இரண்டாவது வாசலின் காவலர்களைக் கவனிப்பதில்லை. அங்கே நின்று வாயிற்காவலர் சிற்பத்தின் காலடியைப் பாருங்கள்: ஒரு பாம்பு யானை ஒன்றை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை அவ்வளவு பெரியது என்றால் அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பைக் காலடியில் கிடக்கவிட்டு நிற்கும் காவலர் எத்தகையவர், அவர் காவல் காக்கும் இறைவன் எத்தகையவர் என்று அளவை ஏற்றிக்கொண்டே போகும் கணக்கு அது. விமானத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணைத் தயார்செய்துகொள்ள இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

நந்தி சோழர் காலத்தது அன்று, நாயக்கர் காலத்தில் வைக்கப்பட்டது. முருகன் சன்னதியும் அவ்வாறே பிற்காலத்தது. பெரியநாயகி அம்மன் சன்னதி பாண்டியர் காலச் சேர்க்கை. மொத்தமும் ஒரே நாளில் ஒருவன் கட்டியதாக எண்ணாமல், ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்த்த இடமாகப் பார்த்தால் முற்றத்தில் நடப்பது இன்னும் சுவையாக இருக்கும். உள்சுற்றில் இருக்கும் புகழ்பெற்ற சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் நேரில் பார்க்க அனுமதிப்பதில்லை என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வலமாக நடந்து விமானத்தின் அடித்தளத்தை நெருங்கினால் கல் முழுவதும் எழுத்தாக இருக்கும். தான் கொடுத்தவையும், தன் அக்கன் கொடுத்தவையும், தன் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்ட செய்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. அக்கன் என்பது குந்தவையார். பேரரசன் ஒருவன் தன் பெயருக்கு அடுத்த வரியிலேயே உடன்பிறந்தவளையும் மனைவியரையும் கொடையாளர்களாக எழுதிவைக்கச் சொன்னதை, வீட்டு வரவு செலவை இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கியிருக்கும் தம்பதியர் நின்று பார்ப்பது பொருத்தம்தான். இதே கோயிலின் கல்வெட்டில், கோயிலில் ஆடற்பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயர்கள் அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையோடு குறிக்கப்பட்டுள்ளன. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக வழங்கப்பட்டது. சோழர் கால எழுத்தைப் பயிற்சி இல்லாமல் படிப்பது கடினம், ஆனாலும் சில எழுத்துகளை இருவரும் சேர்ந்து கண்டுபிடித்துவிடலாம், அதில் அரைமணி நேரம் போவதே தெரியாது.

பிறகு அண்ணாந்து பாருங்கள். மேல்வரிசை மாடங்களில் முப்புரம் எரித்த சிவனாகிய, வில்லேந்திய திரிபுராந்தகர் உருவம் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். வெற்றியைக் கொண்டாடும் அரசனின் மனத்துக்குப் பிடித்த வடிவம் அதுதான் போலும். படம் எடுக்கும் ஆர்வமுள்ளவர்கள் கைப்பேசியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முக்காலி வைத்து எடுப்பதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், திருமணப் படப்பிடிப்பு மாதிரி உடை மாற்றி மாற்றி நிற்பதற்கு இது இடமும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் புல்வெளியில் உள்ளூர்க் குடும்பங்கள் வந்து உட்காரும். நீங்களும் உட்காரலாம். அங்கே செய்வதற்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாம் நாள்: விடியல், சிலைக்கூடம், ஆறு

ஆறு மணிக்கு நடை திறக்கும்போதே மறுபடி கோயிலுக்குப் போய்விடுங்கள். முந்தைய நாள் மாலையில் பார்த்தது ஊர்கூடும் இடம். காலையில் பார்ப்பது கோயில். கல் குளிர்ந்திருக்கும், தரிசன வரிசையும் குறைவாக இருக்கும். ஒருவருக்கு விடியற்காலையில் எழுந்திருக்கும் பழக்கம் இல்லையென்றால் மற்றவர் தனியாகப் போய் வரலாம். நடந்து போகும் தொலைவில் அறை எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பத்து மணியளவில் அரண்மனை. நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரிவாக்கிய இந்த வளாகத்தில் தர்பார் மண்டபம், மணிக்கூண்டு, கோபுரம், நூலகம், சிலைக்கூடம் என்று பல பகுதிகள் உண்டு. நுழைவுச் சீட்டுகள் தனித்தனியாக வாங்க வேண்டியிருப்பதால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சமமாகப் பார்க்க முயன்றால் கால் வலிதான் மிஞ்சும். சிலைக்கூடத்துக்கு முதலில் போய், தெம்பு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும்.

அங்கே திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். ஒன்று, 1011ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட ரிஷபவாகனர். சாய்ந்து நிற்பதற்கு இருந்த காளை இன்று இல்லை. கை மட்டும் வெற்றிடத்தின் மீது அவ்வளவு இயல்பாகப் படிந்திருப்பதால் காளை அங்கே நிற்பதாகவே தோன்றும். தலைப்பாகைபோல் சுற்றிக் கட்டிய சடையும் இடுப்பின் வளைவும் பார்க்கப் பார்க்கத் தீராது. மற்றொன்று கல்யாணசுந்தரர். சிவன் உமையின் கையைப் பற்றியிருக்கிறார். உமை நாணித் தலை சாய்த்திருக்கிறாள். திருமகள் பின்னாலிருந்து அவளை மெல்லத் தொட்டு முன்னே நகர்த்துகிறாள். பெண்ணைக் கொடுக்கும் நிலையில் திருமால் நிற்கிறார். திருமணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரர் முன்னிலையில், உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீரும் தாரை வார்த்தலும் முடித்து வந்த கொங்குத் தம்பதியருக்கு இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது. அந்தக் கூச்சத்தைச் செம்பில் வார்க்க முடிந்திருக்கிறது என்பதைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் பார்வையாளர்களுக்கான காட்சிக்கூடம் சிறியது, அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். 1798 முதல் 1832 வரை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி சேர்த்த சுவடிகளையும் படங்களையும் பார்க்கலாம். புதன்கிழமை அதற்கு விடுமுறை. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் கட்டப்பட்ட சுவார்ட்சு தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியார் சுவார்ட்சின் கையைச் சரபோசி பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பம் அங்கே இருக்கிறது.

வெளியே வந்தால் கடைகள். தலையாட்டி பொம்மை எல்லோரும் வாங்குவது, வாங்கலாம். ஆனால் களிமண் வகை உடையும் என்பதால் துணிக்கு நடுவே சுற்றி வைக்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தை முதல் பயணத்திலேயே வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். தங்கத்தாளின் தரம், பலகை, கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றைப் பொறுத்து விலை பெரிதும் மாறும். அதை எந்தச் சுவரில் மாட்டுவது என்பதே இன்னும் முடிவாகாத வீட்டுக்கு அது அவசரச் செலவு. அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் சாப்பாடு வாழையிலையில்தான். கொங்குச் சமையலின் தேங்காய்க்கும் கொத்தமல்லிக்கும் பழகிய நாக்குக்கு அங்கத்திய சாம்பாரின் புளிப்பும் மோர்க்குழம்பும் சற்று வேறாக இருக்கும். அசைவம் விரும்புகிறவர்கள் அதை இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது, மாலையில் திருவையாறு இருக்கிறது.

திருவையாறு 13 கிலோமீட்டர். நகரப் பேருந்து அடிக்கடி உண்டு, ஆட்டோவும் வரும். பேருந்தில் போவதையே விரும்புவேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். பவானிக் கூடுதுறையிலும் கொடுமுடியிலும் கரைதொட்டு அகலமாக ஓடக் கண்ட அதே ஆறுதான், பவானியையும் நொய்யலையும் அமராவதியையும் வாங்கிக்கொண்டு வந்து இங்கே இத்தனை கிளைகளாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. ஐயாறப்பர் கோயிலைப் பார்த்துவிட்டு, 1847-இல் மறைந்த தியாகராசரின் சமாதி இருக்கும் கரைக்கு நடந்து போய் இருட்டும்வரை படித்துறையில் இருக்கலாம். தண்ணீர் வேகமாக ஓடும் நாட்களில் படியைத் தாண்டி இறங்க வேண்டாம். திரும்பும்போது பாசிப்பருப்பில் செய்யும் அசோகாவைச் சூடாக ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள்; நெய் தாராளமாக இருக்கும் என்பதால் இருவருக்கும் ஒரு பங்கு போதும்.

மூன்றாம் நாள்: தாராசுரம் வழியாகத் திரும்புதல்

ஜன் சதாப்தி திரும்பும் திசையில் மயிலாடுதுறையிலிருந்து பிற்பகலில் கிளம்பி, கும்பகோணத்துக்கு வந்த பிறகே தஞ்சைக்கு வருகிறது. ஆகையால் திரும்பும் சீட்டைத் தஞ்சையிலிருந்து எடுக்காமல் கும்பகோணத்திலிருந்து எடுத்துவிட்டால், அறையைக் காலையிலேயே காலிசெய்து பெட்டியோடு வாடகைக் காரில் புறப்பட்டு, தாராசுரத்தைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்தில் சாப்பிட்டு அங்கேயே ஏறிக்கொள்ளலாம். போன வழியில் மீண்டும் 40 கிலோமீட்டர் திரும்பி வரும் வேலை மிச்சம். காரைப் பேசும்போது "கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவதோடு சரி" என்று தெளிவாகச் சொல்லி ஒருவழி வாடகையைக் கேளுங்கள்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் இராசராசன் காலத்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. தஞ்சையின் பருமனைப் பார்த்த கண்ணுக்கு இது சிறியதாகத் தெரியும். ஆனால் இங்கே பார்க்க வேண்டியது நுணுக்கம். குதிரை பூட்டிய தேராகச் செதுக்கிய முன்மண்டபமும், நாயன்மார் வரலாறுகளைச் சொல்லும் சிறு சிற்ப வரிசையும் குனிந்து, நெருங்கிப் பார்த்தால்தான் பிடிபடும். இருவரில் ஒருவருக்கு நாயன்மார் கதைகள் தெரிந்திருந்தால் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டே வரலாம். நண்பகலுக்குள் சன்னதி சாத்திவிடுவார்கள் என்பதால் ஒன்பது மணிக்கு அங்கே இருப்பது நல்லது. கங்கைகொண்ட சோழபுரத்தையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி ஓட்டுநர் ஆசை காட்டுவார். தஞ்சையிலிருந்து 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்தக் கோயில் தனி நாளுக்கு உரியது. அவசரமாகப் போய்த் தொட்டுவிட்டு வருவதற்கு அது உரியதல்ல.

கும்பகோணத்தில் வண்டி வரும்வரை கிடைக்கும் நேரத்தில் டபராவில் ஒரு காபி குடித்துவிட்டு வெற்றிலையும் பித்தளை விளக்கும் பார்க்கலாம். வீட்டுக்கு வாங்கும் இனிப்பையும் விளக்கையும் மாமியார் வீட்டுக்கு ஒன்று, அம்மா வீட்டுக்கு ஒன்று என்று ஒரே அளவில், ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். அளவு வேறுபட்டால் அடுத்த நோம்பி வரை அது பேச்சாகும். வண்டி இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கோவையை அடையும், திருப்பூரும் ஈரோடும் அதற்கு முன்பே வந்துவிடும். இரவுச் சாப்பாட்டை ரயிலில் விற்பதை நம்பாமல் கும்பகோணத்திலேயே கட்டி எடுத்துக்கொள்வது நல்லது.